எடை குறையவில்லை, ஆள் குறைந்துவிட்டார்: இதயச் செயலிழப்பும் முதுமை நலிவும், ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வருவது ஒரு தனி மனிதரின் கேஸ் ஷீட் அல்ல. இதயச் செயலிழப்புள்ள முதியவர்களிடம் அடிக்கடி காணும் சிக்கல்களை ஒரே நோயாளியிடம் பொருத்தி, கற்பதற்காகத் தொகுத்த நேர்வு. மருந்து அளவுகள் இந்த நோயாளியின் எடை, வயது, சிறுநீரக நிலைக்கு ஏற்றவை. அப்படியே இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நோயாளி

76 வயதுப் பெண்மணி. டெல்டா பகுதியில் ஒரு சிறு நகரம். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகன், மருமகள், பேத்தியுடன் இருக்கிறார். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் 20 ஆண்டுகளாக உண்டு. 3 ஆண்டுகளாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் இதயத் துடிப்புக் கோளாறு. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது என்று அழைத்து வந்தார்கள். நான்கு மாதத்தில் இது இரண்டாவது அட்மிஷன். இதற்கிடையில் ஒரு நாள் இரவு, கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை என்பதால் யாரும் அதை மருத்துவரிடம் சொல்லவில்லை, கேட்டபிறகுதான் தெரிந்தது.

எக்கோவில் இதயத்தின் வெளியேற்று விகிதம் 57%, இடது மேலறை பெரிதாகியிருந்தது, இதயம் தளர்ந்து விரிவதில் சிக்கல். அதாவது, சுருங்கும் சக்தி குறையாத வகை இதயச் செயலிழப்பு. ஈசிஜியில் அலைகளின் உயரம் குறையவில்லை, மணிக்கட்டு நரம்பு இறுக்கமும் இல்லை. எனவே அமிலாய்டு (இதயத் தசையில் புரதம் படியும் நோய்) பற்றிய சந்தேகம் பின்னுக்குப் போனது. என்.டி. புரோ பி.என்.பி. (இதயத்தின் திணறலைக் காட்டும் ரத்த அளவு) 2840, ஹீமோகுளோபின் 9.8, இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் 64, டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 13%, கிரியாட்டினின் 1.3 (சிறுநீரக வடிதிறன் சுமார் 43), சோடியம் 133, பொட்டாசியம் 4.6, ஆல்புமின் 3.1, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 6.4.

சேர்த்த அன்று எடை 58.4 கிலோ. நரம்பு வழியாக ஃப்யூரோசெமைடு எனும் நீர் மருந்தைக் கொடுத்து, ஆறு நாளில் நீர் இறங்கியபோது 52.1 கிலோ.

ஓராண்டில் 5.5 கிலோ எங்கே போனது

இந்த நேர்வில் முதலில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ஓராண்டுக்கு முந்தைய சீட்டில் "57.6 கிலோ, கால் வீக்கம் இல்லை" என்று இருந்தது. அட்மிஷனுக்கு மூன்று மாதம் முன்பு 57.9. இரண்டையும் பார்த்தவர்கள் "எடை சீராக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அந்த 57.9-இல் பல கிலோ வெறும் நீர். நீரை வடித்துப் பார்த்தால் உலர் எடை ஓராண்டில் 5.5 கிலோ, அதாவது 9.5% குறைந்திருக்கிறது. தசை கரைந்த இடத்தில் நீர் ஏறி உட்கார்ந்து, தராசை ஏமாற்றியிருக்கிறது.

இதயச் செயலிழப்பில் நலிவு கண்ணில் படாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். பருத்த காலைப் பார்க்கிறோம். மெலிந்த மேற்கையையும், பொன்னாடை மாட்டிய கொக்கி போலத் துருத்தி நிற்கும் தோள் எலும்பையும் பார்ப்பதில்லை. கெண்டைக்கால் சுற்றளவை வைத்துத் தசையை மதிப்பிடும் முறையும் வீக்கம் இருக்கும்வரை பயன்படாது.

நலிவு என்பது வெறும் முதுமையோ பலவீனமோ இல்லை. உடலின் சேமிப்பு தீர்ந்துபோய், சின்னக் காய்ச்சல், ஒரு புது மாத்திரை, இரண்டு நாள் படுக்கை என எது வந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும் நிலை. 2001-இல் லிண்டா ஃபிரைடு குழு வகுத்த ஐந்து அளவுகோல்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன: தானாகக் குறையும் எடை, சோர்வு, பிடிவலுக் குறைவு, மெல்ல நடத்தல், நடமாட்டக் குறைவு. மூன்று இருந்தால் நலிவு, ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த பகுப்பாய்வில் இதயச் செயலிழப்பு நோயாளிகளில் 44.5 விழுக்காட்டினர் நலிவுற்றிருந்தார்கள்.

அளந்தது எப்படி, எப்போது

சேர்த்த அன்றே அளந்தால் எல்லோரும் நலிந்தவராகவே தெரிவார்கள். மூச்சு வாங்கும்போது யாரால் எழுந்து உட்கார முடியும்? எனவே நீர் இறங்கி, ஆக்ஸிஜன் எடுத்தபிறகு, டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் அளக்கப்பட்டது. வேண்டியது ஒரு ஸ்டாப் வாட்ச், தரையில் 4 மீட்டர் இடைவெளியில் ஒட்டிய இரண்டு டேப் துண்டுகள், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, பிடிவலுக் கருவி. பதினைந்து நிமிட வேலை.

பிடிவலு 11 கிலோ. ஆசியப் பெண்களுக்கு 18-க்குக் கீழே போனாலே குறைவு. 4 மீட்டரை வழக்கமான நடையில் கடக்க 9.3 விநாடி, அதாவது விநாடிக்கு 0.43 மீட்டர். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஒரு தடவைகூட எழ முடியவில்லை. பாதங்களைச் சேர்த்து 10 விநாடி நின்றார். ஒரு குதிகாலை மற்ற பாதத்தின் கட்டை விரல் பக்கமாக வைத்து நிற்கச் சொன்னபோது 6 விநாடியில் தடுமாறினார். மூன்றையும் சேர்த்து எஸ்.பி.பி.பி. எனப்படும் உடல் இயக்க மதிப்பெண் 12-க்கு 2. ஃபிரைடு அளவுகோலில் ஐந்துக்கு ஐந்து. ஒன்பது படிகள் கொண்ட ராக்வுட் நலிவு அளவில் 6: குளிக்கவே ஆள் துணை வேண்டிய நிலை.

வாழ்க்கைத் தரத்துக்கு 12 கேள்விகள் கொண்ட கான்சாஸ் சிட்டி வினாத்தாள். 100 என்றால் குறையில்லாத வாழ்க்கை, இவருக்கு 29. இந்த வினாத்தாளில் ஒரு பொறி இருக்கிறது. குளிப்பது, சமதளத்தில் சிறிது தூரம் நடப்பது, வேகமாக நடப்பது ஆகியவற்றில் மூச்சு வாங்குமா என்று கேட்கும்போது, "நான் அதெல்லாம் செய்யறதே இல்லையே" என்று பதில் வரும். அதை "செய்யவில்லை" என்ற கட்டத்தில் குறித்தால் அந்தக் கேள்வி கணக்கிலிருந்தே விலகிவிடும். மதிப்பெண் உண்மையைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டக்கூடும். ஏன் செய்வதில்லை என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். மூச்சு வாங்கும் என்று பயந்து விட்டுவிட்டாரா, முழங்கால் வலியா, அல்லது வீட்டில் விடுவதில்லையா?

இவர் விஷயத்தில் மூன்றும் இருந்தன. "நீங்க உட்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் ஒவ்வொரு வேலையாக வாங்கிக்கொண்டிருக்கிறார். அன்பினால்தான். ஆனால் பூண்டு உரிக்க எழுந்து போவதும், கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்குவதும்தான் அந்த உடலுக்கு இருந்த கடைசிப் பயிற்சிகள். ஓய்வு என்ற பெயரில் அவையும் நின்றுவிட்டன.

மனச்சோர்வுக்கான 15 கேள்வி அளவில் 9. நினைவாற்றலுக்குக் கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை, மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு நியாயமானதல்ல. பதிலாக, வார மாத்திரைப் பெட்டியைக் கொடுத்து அன்றைய காலை மருந்தை எடுத்துக் காட்டச் சொன்னார்கள், சரியாக எடுத்தார்.

"எது முடியாம போனதுதான்மா உங்களுக்கு ரொம்ப வருத்தம்?" என்று கேட்டதற்கு வந்த பதில்: "தலைக்கு நானே தண்ணி ஊத்திக்கணும் டாக்டர். பிள்ளைங்க முன்னாடி குளிக்க கூச்சமா இருக்கு." அடுத்த மூன்று மாதத் திட்டத்துக்கு அதுவே இலக்காக எழுதப்பட்டது. ஒரு செம்பு நீரைத் தலைக்கு மேல் தூக்குவதற்குத் தோள் வலு வேண்டும். ஈரத் தரையில் நிற்கச் சமநிலை வேண்டும். முக்காலியிலிருந்து எழத் தொடை வலு வேண்டும். பயிற்சிப் பட்டியல் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தபோது

சீட்டைப் படித்தால் போதாது. வீட்டில் இருக்கும் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்ட வேண்டும். நான்கு மருத்துவர்களும் ஒரு மருந்துக் கடையுமாகச் சேர்த்த 13 வகை மருந்துகள் வந்தன. அவற்றை எந்த ஆண்டு, எதற்காகச் சேர்த்தார்கள் என்று வரிசைப்படுத்தியதும் கதை தெளிவானது.

ரத்தக்கொதிப்பு மருந்தான அம்லோடிபின் 5-லிருந்து 10 மி.கி. ஆனது, கணுக்கால் வீங்கியது. அது மருந்தின் வேலை என்று எண்ணாமல் ஃப்யூரோசெமைடு 40 மி.கி. ஒருவேளையை இருவேளை ஆக்கினார்கள். எழுந்தால் தலை சுற்றியது. அதைக் காதுக் கோளாறு என்று எண்ணி சின்னரிசின் கலந்த தலைசுற்றல் மாத்திரை தினமும் மூன்று. ஐந்து மாதமாக ஓடுகிறது. சின்னரிசின் மூளையில் டோபமினைத் தடுக்கும். முதியவர்களுக்கு நாள்பட்டுக் கொடுத்தால் பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கும். இவர் நடக்கும்போது இடது கை வீசவில்லை, திரும்ப ஆறேழு எட்டுகள் எடுத்தார், முகத்தில் அசைவு குறைந்திருந்தது. "வயசாயிடுச்சு" என்று எல்லோரும் விட்டுவிட்ட அந்த நடையில் ஒரு பகுதி மாத்திரையிலிருந்து வந்தது.

சர்க்கரைக்கு மூன்று மருந்து கலந்த ஒரே மாத்திரை: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன். பயோகிளிட்டசோன் உடலில் நீரைச் சேர்க்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. கலவை மாத்திரையின் வணிகப் பெயருக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்கிறது. கிளிமிபிரைடு, சரியாகச் சாப்பிடாத, சிறுநீரகம் குறைந்த 76 வயதுக்காரருக்குத் தாழ்சர்க்கரையை வரவழைக்கும், 6.4 என்ற எச்.பி.ஏ.1சி. பாராட்டப்பட வேண்டியதல்ல, கவலைப்பட வேண்டியது. கால் எரிச்சலுக்கு பிரிகாபலின்-நார்ட்ரிப்டிலின் கலவை: முன்னது வீக்கமும் மயக்கமும் தரும், பின்னது எழும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். தூக்கத்துக்கு அல்பிரசோலம். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், ஏறக்குறைய தினமும். இது உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும்.

படுக்கையில் ரத்த அழுத்தம் 122/70. எழுந்து நின்ற 3-ஆவது நிமிடத்தில் 98/60, கூடவே தலைசுற்றல். மேல் அளவு 20 இறங்கினாலே நிலைமாற்றத் தாழ்வு என்று பொருள். உட்கார வைத்து மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

டைக்ளோஃபெனாக், பயோகிளிட்டசோன், கிளிமிபிரைடு, அம்லோடிபின் நான்கும் மருத்துவமனையிலேயே நிறுத்தப்பட்டன. மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை, ரத்தக்கொதிப்புக்கான டெல்மிசார்ட்டன் 40, இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் 50 தொடர்ந்தன. சர்க்கரைக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்க்கப்பட்டது; நலிந்தவர்கள் தாங்க மாட்டார்கள் என்ற தயக்கம் பரவலாக இருந்தாலும், இந்த வகை இதயச் செயலிழப்பில் நடந்த டெலிவர் ஆய்வில் நலிவு கூடியவர்களுக்கும் பலன் கிடைத்தது, வாழ்க்கைத் தர முன்னேற்றம் அவர்களிடம் கூடுதலாகவே இருந்தது. ஃப்யூரோசெமைடு காலை 40 மி.கி. மட்டும். முன்பு இரண்டாவது மாத்திரையை இரவு 8 மணிக்கு விழுங்கி, நான்கு தடவை எழுந்து, இருட்டில் நடந்துதான் விழுந்திருக்கிறார். சின்னரிசினும் பிரிகாபலின் கலவையும் இரண்டு வாரத்தில் படிப்படியாக நின்றன. அல்பிரசோலம் ஆறு வாரத்தில். பென்சோடயசெபைன் எனும் இந்த வகைத் தூக்க மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் கூடி, "பழைய மருந்தே நல்லது" என்று திரும்பிவிடுவார்கள்.

ரத்த உறைவுத் தடுப்பு மருந்தான அபிக்சபன் 2.5 மி.கி. இருவேளையாக இருந்தது. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் இந்த அரை அளவு. இவருக்கு எடை மட்டுமே பொருந்துகிறது. அரை அளவில் ரத்தக்கசிவு பயம் முழுதாகப் போவதில்லை, பக்கவாதப் பாதுகாப்பு மட்டும் குறைகிறது. அகநோக்கியில் இரைப்பையில் மேலோட்டமான புண்கள் தெரிந்தன. டைக்ளோஃபெனாக் நின்று, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் தொடங்கி, ஹீமோகுளோபின் நிலைத்தபின் 5 மி.கி. இருவேளை ஆனது. பெருங்குடல் பரிசோதனைக்கான சுத்திகரிப்பை அப்போதைய உடல் தாங்காது என்று ஒத்திவைத்து, மாதந்தோறும் ஹீமோகுளோபின் பார்ப்பதென முடிவானது.

இரும்பு: ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1000 மி.கி. டிரிப், 6-ஆவது வாரம் 500. இதயச் செயலிழப்பில் நரம்புவழி இரும்புக்கான வலுவான சான்று, சுருங்கும் சக்தி குறைந்தவர்களுக்கே உள்ளது. இங்கே காரணம் இரும்புக் குறைவால் வந்த ரத்தசோகை. இந்த மருந்து பாஸ்பேட்டை இறக்கக்கூடும். டிரிப்புக்குப் பின் தசை பலவீனம் கூடினால் அதை அளந்து பார்க்க வேண்டும்.

தட்டில் இருந்தது

காலை இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், மாலை காபியும் பிஸ்கட்டும், இரவு மீண்டும் இரண்டு இட்லி. நாள் முழுக்க 30 கிராம் புரதம் தேறாது. 52 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.1 முதல் 1.2 கிராம் என்று பார்த்தால் 57 முதல் 62 கிராம் வேண்டும். "கிட்னி வீக்கா இருக்கு, பருப்பு வேண்டாம்" என்று யாரோ சொன்னதால் பருப்பும் நின்றிருந்தது. வடிதிறன் 43 உள்ள, எடை இழந்துவரும் முதியவருக்குப் புரதத்தை வெட்டுவது பெரிய தவறு.

குடலும் ஈரலும் நீர் கோத்து இருப்பதால் நாலு வாய் உண்டதும் வயிறு நிறைந்துவிடும். ஆகவே ஐந்து சிறு வேளைகள். காலை இட்லியோடு கெட்டிச் சாம்பார், ஒரு அவித்த முட்டை (14 கிராம்). பதினொரு மணிக்குப் பாலில் கரைத்த பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி (10). மதியம் சாதம், 75 கிராம் மீன் அல்லது பருப்புக் கூட்டு, தயிர். மீன் நாளில் 22, கூட்டு நாளில் குறைவு. மாலை அரைக் கிண்ணம் சுண்டல் (7). இரவு ஒரு அடை, பால் (10).

உப்பை முற்றாக விலக்கச் சொல்லவில்லை. உப்பில்லாச் சோறு இறங்காது, இறங்காவிட்டால் தசை போகும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றை மட்டும் நிறுத்தி, சமையல் உப்பை நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் வைத்தார்கள். கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" பொட்டாசியம் உப்பு. டெல்மிசார்ட்டன் சாப்பிடும் சிறுநீரகக் குறைவுள்ளவர் அதைத் தொடக் கூடாது.

நாற்காலியும் ஜன்னல் கம்பியும்

உடற்பயிற்சிக்கு நல்ல வழிகாட்டி 2021-இல் வெளியான ரிஹேப்-எச்.எஃப். ஆய்வு. மருத்துவமனையில் சேர்ந்த 60 வயதுக்கு மேற்பட்ட 349 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வலு, சமநிலை, நடமாட்டம், தாக்குப்பிடிக்கும் திறன் நான்கையும் வாரம் 3 நாள், 12 வாரம் பயிற்றுவித்தார்கள். உடல் இயக்க மதிப்பெண் ஒப்பீட்டுக் குழுவைவிட 1.5 கூடியது, கான்சாஸ் மதிப்பெண் சுமார் 7 கூடியது. ஆறு மாத மறு அட்மிஷன்கள் குறையவில்லை. அதனால் பயனில்லை என்று தள்ளுபவர்கள் உண்டு. தானே எழுந்து நடப்பதே இலக்கு என்றால், அந்த 1.5 பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அந்த வருகையில் அளவையும் திருத்தத்தையும் வைத்துக்கொண்டு, இடைநாட்களை மருமகள் நடத்துமாறு திட்டமிடப்பட்டது.

46 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து எழ முடியாதவரை அதில் உட்கார வைத்து "எழுங்க" என்றால் தோல்விதான் பழகும். பலகை வைத்து 54 செ.மீ. ஆக்கினார்கள், அங்கிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்தது. ஐந்து தடவை, ஒரு நிமிட ஓய்வு, மூன்று சுற்று. மூன்று சுற்றும் இலகுவானால் 2 செ.மீ. இறக்கம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகால் உயர்த்தல், பிறகு இரண்டு விரல் மட்டும் தொட்டபடி, பிறகு தொடாமல். இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட உட்காரல், மூன்று சுற்றில் தொடங்கி மொத்தம் 20 நிமிடம் வரை. அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்கல்: அதுதான் செம்பு. பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது. நீர் மாத்திரை போட்ட முதல் இரண்டு மணி நேரம் வேண்டாம். மார்பு வலி, தலைசுற்றல், துடிப்பு 120-க்கு மேல், 3 நாளில் எடை 2 கிலோ ஏற்றம் என்றால் பயிற்சியை நிறுத்திப் போன் செய்ய வேண்டும்.

எடை மெஷினுக்கும் ஒரு வார்த்தை. திண்ணைச் சிமெண்டுத் தரையில் ஒரு நாள், கூடத்து டைல்ஸில் ஒரு நாள் என்று வைத்ததில் ஒரு கிலோ வித்தியாசம் காட்டியது. டைல்ஸில் மெஷினின் நான்கு மூலைகளையும் மார்க்கரால் குறித்து, காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே இடத்தில் நிறுத்தியபிறகுதான் எண்களை நம்ப முடிந்தது.

ஐந்தாவது வாரம் சறுக்கியது

இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். மாத்திரைகள் மட்டும் தவறாமல் உள்ளே போயின. மூன்றாம் நாள் நின்ற நிலை ரத்த அழுத்தம் 86, கிரியாட்டினின் 1.9, பொட்டாசியம் 5.5. "சாப்பிட முடியாத நாளில் டாபாகிளிஃப்ளோசின், ஃப்யூரோசெமைடு, டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின் நான்கையும் நிறுத்திப் போன் செய்யுங்கள்" என்ற அறிவுரை டிஸ்சார்ஜ் அன்று மகனிடம் சொல்லப்பட்டிருந்தது. மாத்திரை கொடுப்பவர் மருமகள். பிழை அங்கே. நான்கையும் மூன்று நாள் நிறுத்தி, நீரேற்றியபின் கிரியாட்டினின் 1.4-க்கு வந்தது, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த நான்கு அட்டைகளிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வாசகத்தை மாத்திரைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினார்கள்.

உடல் கொடுத்த விலை அதைவிடப் பெரிது. கை ஊன்றாமல் நான்கு தடவை எழுந்துகொண்டிருந்தவர் ஒரு தடவைக்கு இறங்கிவிட்டார். இரண்டு நாள் பேதி மூன்று வார உழைப்பைக் கொண்டுபோனது. நலிவு என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்த வாரத்தில் தெரிந்தது. நாற்காலியை மறுபடி 52 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்கினார்கள்.

12 வாரத்திலும் ஆறு மாதத்திலும்

12-ஆவது வாரம் 4 மீட்டருக்கு 6.4 விநாடி, நாற்காலியிலிருந்து ஐந்து எழல்களுக்கு 17.8 விநாடி, சமநிலை 4-க்கு 3. மொத்தம் 12-க்கு 6. பிடிவலு 13.5 கிலோ. கான்சாஸ் 54, இந்த அளவில் 5 புள்ளி மாறினாலே நோயாளி உணரக்கூடியது. மனச்சோர்வு மதிப்பெண் 9-லிருந்து 5. நின்ற நிலை ரத்த அழுத்தம் 120/70. இடது கை மறுபடி வீசத் தொடங்கியது. ராக்வுட் அளவில் 5. இவற்றில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு மருந்தை நிறுத்தியதால், எவ்வளவு இரும்பால் என்று பிரிக்க முடியாது. நலிவுச் சிகிச்சை இப்படிச் சேர்ந்தேதான் வேலை செய்கிறது.

எட்டாவது வாரம், உடல் தேறியிருந்த நேரத்தில், அடுத்த தடவை மோசமானால் என்ன வேண்டும் என்ற பேச்சும் நடந்தது. "ஊசி, ஆக்ஸிஜன் போடுங்க. வாயில குழாய் வேண்டாம்" என்றார். மகன் அழுதார்; ஆனால் குறித்துக்கொண்டார். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற முன்கூட்டிய மருத்துவ ஆணையை, 2023 ஜனவரித் திருத்தத்துக்குப் பின் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றுடன் வைக்கலாம். அப்படியே எழுதி வைத்தார்கள்.

ஆறு மாதத்தில் உலர் எடை 53.6 கிலோ. ஒரு நாள் மருத்துவமனையில் நரம்புவழி நீர் மருந்து தேவைப்பட்டது. முழங்கால் வலி தீரவில்லை. பாராசிட்டமாலும் தொடைப் பயிற்சியும் ஓரளவு தாங்குகின்றன. மாடிப்படி இன்னும் ஏற முடியாது, அந்த முயற்சியை அவரே வேண்டாம் என்றார்.

குளியலறையில் சுவரில் கைப்பிடிக் கம்பி, ரப்பர் விரிப்பு, 48 செ.மீ. உயர பிளாஸ்டிக் ஸ்டூல், பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குத் திட்டில் ஏற்றிய வாளி. காலை ஏழரைக்குத் தானே உள்ளே போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்கிறார். மருமகள் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போடுவதில்லை.